வேட்டிக்கு இசைந்த தலையணி எது?

ஆடை அணிகளைப் பற்றி எழுதுவது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு அவ்வெண்ணம் பொருந்தலாம். நெல் விளைவிப்போரும் நூல் நெய்வோரும் அங்கத்தினராயிருக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது பொருந்தாது. ஒருவர் உடுத்துவது மற்றொருவர் நெய்தது. அவர் உண்பது இவர் விளைவித்தது. ஆகவே, காவிரிப் பாசனப் பகுதியில் வேட்டி கட்டிய ஒருவர் தம் தலைக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது நமக்குத் தொழில் விஷயம். அதனினும் மேலாக, அது மானத்தைப் பற்றிய விஷயம்.

வேட்டியைப் பற்றி இன்று அதிகம் வாதாட வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்திலே, வேட்டி கட்டி வந்த காரணத்தால் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே அனுமதி மறுக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டே தமிழக சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டி கட்டி வருவோரைத் தடுக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. இடுப்புக்கு நீதி கிடைத்துவிட்டது. தலைக்கோ இன்னும் கிடைக்கவில்லை.

நம் ஊர்களில் வேட்டி கட்டியவர் தலைகளை எண்ணிப் பாருங்கள். சிலர் தலையில் உரக் கம்பெனியும் விதைக் கம்பெனியும் இலவசமாகக் கொடுத்த தொப்பி. இளைஞர் பலர் தலையில், பொங்கலன்று கட்டிய புது வேட்டிக்கு மேலேகூட, முன்பக்கம் மட்டும் நீண்ட பேஸ்பால் தொப்பி. பனிக்காலத்தில் முகத்தை மூடும் கம்பளிக் குரங்குக் குல்லாய். வேறு பலருக்கு வெறுந்தலை. முண்டாசு கட்டியவர், வயலிலும் களத்திலும் உழைப்பவரும் முதியவருமே. அவர்களைக் காணும் படித்த பிள்ளைகள், முண்டாசு ஏழ்மையின் அடையாளம் என்று பாடம் கற்றுக்கொள்கிறார்கள். இப்பாடம் தவறானது, நெசவாளரின் வயிற்றில் அடிப்பது, வரலாற்றை அறியாதது. இதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயிலும் காற்றும் கூறும் தீர்ப்பு

முதலில் பயனைப் பார்ப்போம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து குறுவை நடவு நடைபெறும் காலத்தில் வெயிலும் உண்டு, மேல்காற்றும் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மியே பறக்குமெனில் தொப்பியின் கதி என்ன? குனிந்து நாற்று நடும்போது அகன்ற விளிம்புத் தொப்பி கண்ணை மறைக்கும். நிமிர்ந்தால் காற்று அதைத் தூக்கும். முன்விளிம்புத் தொப்பி நெற்றிக்கு மட்டுமே நிழல் தரும். குனிந்து வேலை செய்பவருக்கு வெயில் விழுவது நெற்றியிலன்று, பிடரியிலும் காதுகளிலுமே. அத்தொப்பி அவ்விரண்டையும் திறந்தே வைக்கிறது. மேலும் அது பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனது. வியர்வையை உறிஞ்சாது, உள்ளே புழுக்கத்தை அடைத்து வைக்கும்.

பருத்தித் துண்டு அப்படியன்று. வாய்க்கால் நீரில் நனைத்துப் பிழிந்து கட்டினால், ஈரம் காற்றில் உலரும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். ஒரு முனையைப் பின்னால் தொங்கவிட்டால் பிடரிக்கு நிழல். அவிழ்த்தால் முகம் துடைக்கலாம். விரித்தால் வரப்பில் அமரலாம். முடிந்தால் நாலு படி பயறு கட்டலாம். சுருட்டி வைத்தால் சுமைக்குச் சும்மாடு. அறுவடை இயந்திரம் வருவதற்கு முன் இந்நாட்டின் நெற்கட்டு முழுவதும் சும்மாட்டின் மேலேறியே களத்துக்கு வந்தது என்பதை மறக்கலாகாது. நடவு நடும் பெண்கள் இன்றும் சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை அணிந்து தலையில் துண்டைச் சுற்றிக் கொள்கிறார்கள். அவர்களுக்கு யாரும் இதைக் கற்பிக்கவில்லை, வெயிலே கற்பித்தது.

எனினும் நியாயம் இரு பக்கமும் உண்டு. மழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையில் பருத்தித் துண்டு பயன்படாது. அதற்குச் சாக்கின் ஒரு மூலையை உள்மடித்துப் போடும் கொங்காணியோ நெகிழித்தாளோதான் வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போது மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு தெளிப்பது ஆபத்து. துண்டு மருந்தை உறிஞ்சித் தோலில் வைத்துக்கொண்டிருக்கும். அதே துண்டால் பிறகு முகத்தையும் துடைப்போம். அவ்வேலைக்கு அதற்குரிய முகமூடியே தகும். மோட்டார் சைக்கிளில் சங்கத்துக்கு வருவோருக்கு முண்டாசு தலைக்கவசம் ஆகாது. சட்டமும் ஒப்பாது, தார்ச்சாலையும் ஒப்பாது. கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும், பட்டை ஓடும் எஞ்சினருகிலும் துண்டின் முனையைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். இவை போக மற்ற நேரங்களில் எல்லாம் வேட்டிக்கு உற்ற துணை துண்டேயாகும்.

அழகு நோக்கிலும் முடிவு இதுவே. வேட்டி தையலில்லாத துணி. தறியிலிருந்து அறுத்தபடியே உடுத்துவது. உடுத்துபவர் கையால் உருப்பெறுவது. அதற்கு மேலே, அச்சில் வார்த்து விறைப்பாகத் தைத்த தொப்பி அமர்ந்தால் கீழே ஒரு பேச்சு, மேலே ஒரு பேச்சாகத் தோன்றும். முண்டாசும் தையலற்றது; கட்டுபவர் கையால் உருப்பெறுவது. இரண்டும் ஒரே தறியின் பிள்ளைகள்.

விலக்காக வாழ்ந்தவர்களும் உண்டு. எம்.ஜி.ஆர். வெள்ளை வேட்டிக்கு மேல் வெள்ளைத் தொப்பியை அணிந்தார். 1977 முதல் முதலமைச்சராக இருந்த காலத்தும் அத்தொப்பியே அவருக்கு அடையாளமாயிற்று. ஆனால் அது ஒரு மனிதருக்கு இசைந்தது. மற்றவர் அணிந்தால் வேடமாகவே தோன்றிற்று. மகாகவி பாரதியாரின் முண்டாசோ அவரோடு நிற்கவில்லை. பள்ளி ஆண்டு விழாக்களில் எந்தச் சிறுவன் அதைக் கட்டினாலும் இசைகிறது. ஒருவருக்கு மட்டும் பொருந்துவது அலங்காரம். எல்லோருக்கும் பொருந்துவதே உடை.

தலைத்துண்டின் மான வரலாறு

தஞ்சையில் தலைப்பாகை அரசர் தலையிலும் இருந்தது. ஏவலர் தலையிலும் இருந்தது. 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டிய மன்னர்களைத் தஞ்சை ஓவியங்களில் தலைப்பாகையின்றிக் காண்பது அரிது. அரசாட்சி மறைந்து ஆங்கிலேயர் கலெக்டர் ஆட்சி நிலைத்தபின், அந்தப் பெரிய தலைப்பாகை கலெக்டர் வாயிலில் நிற்கும் டபேதாரின் தலைக்கு மாறியது. இன்று அதே தலைப்பாகையை நட்சத்திர ஓட்டலின் வாயிற்காவலர் அணிந்து, காரின் கதவைத் திறந்து சலாம் வைக்கிறார். தலைப்பாகை மாறவில்லை, அதை அணிவிப்பவரின் கருத்தே மாறியது. ஒரு துணியால் ஒருவரை உயர்த்தவும் முடியும், ஏவலராக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வயல்வெளியிலோ கதை இன்னும் கசப்பானது. பண்ணையாள்கள் மிராசுதாரின் எதிரே தோளில் துண்டு போடலாகாது. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்ற வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கலாகாது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாயிருந்த காலம் அது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் விவசாயத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிப் போராடியபோது கேட்டது கூலி மட்டுமன்று. நிமிர்ந்து நடக்கும் உரிமையையும் கேட்டார்கள். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் துண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற நிலை வந்ததும், கக்கத்திலிருந்த துண்டு மெல்ல மெல்லத் தோளுக்கு ஏறிற்று.

தெற்கே இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த உண்மையை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அக்காலத் திருவிதாங்கூரைச் சேர்ந்த சுவாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் அவர். 1809 முதல் 1851 வரை வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டோர் தலையில் துணி கட்டலாகாது என்றிருந்த நாட்டிலே, தம்மைப் பின்பற்றும் ஆடவர் தலைப்பாகை கட்டியே வழிபட வேண்டும் என்று விதித்தார். இன்றும் அவ்வழியினர் அவ்வாறே வழிபடுகின்றனர். மற்றக் கோயில்களில் பரிவட்டம் ஊரில் சிலருக்குக் கிடைக்கும் மரியாதை. அங்கோ வருகிற ஒவ்வொருவரும் தம் கையாலேயே தம் தலையில் மரியாதையைக் கட்டிக்கொள்கிறார்.

காந்தியடிகளின் வாழ்வும் இவ்விஷயத்தில் ஒரு பாடம். 1893இல் டர்பன் நகர நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி கூறியபோது அவர் மறுத்து வெளியேறினார். பின்னர் நேட்டாலில் வழக்கறிஞராகப் பதிவான சமயத்தில், நீதிமன்றத்து வழக்கத்தை மதித்துத் தாமே கழற்றவும் செய்தார். அதன்பின் இந்தியாவில் அவர் பெயராலேயே கதர்க் குல்லாய் பரவியது. வேட்டிக்கு மேல் காந்திக் குல்லாய் என்பது ஒரு தலைமுறையின் கோலமாயிற்று. அவரோ 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் சட்டையையும் குல்லாயையும் விட்டு அரைத்துணிக்கு மாறினார். முழு உடைக்கு வேண்டிய கதரை வாங்க ஏழைகளால் இயலவில்லை என்பதே காரணம். காந்தியடிகள் குல்லாயை விட்டாரே, நாம் ஏன் தலையணி தேட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர் விட்டது தலையணியை இழிவென்று கருதியன்று. உடன் வாழ்வோர் அனைவருக்கும் கிட்டாத ஒன்று தமக்கும் வேண்டாம் என்றே விட்டார். கைத்தறித் துண்டு அத்தனை பேருக்கும் கிட்டக்கூடியது. ஆதலால் அவர் வைத்த சோதனையில் அது தேறுகிறது.

நம் காலத்திலும் ஒருவரை மறக்க இயலாது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938இல் பிறந்த நம்மாழ்வார் வேளாண்மை படித்து அரசுப் பண்ணையில் பணியாற்றியவர். பின்னர் அதைத் துறந்து, பச்சைத் துண்டும் முண்டாசுமாக ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையைப் போதித்தார். 2013 டிசம்பரில், காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோதே பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். படித்தவர் முண்டாசு கட்டினால் மதிப்புக் குறையும் என்போர் அவர் முன்னே கைகட்டி அமர்ந்திருந்த பட்டதாரிகளை நினைத்துப் பார்க்கட்டும்.

ஸ்காட்லாந்தில் ஓர் ஒப்புமை

உடையும் தலையணியும் இணைந்து நிற்பது நம் நாட்டில் மட்டும் காணும் வழக்கமன்று. வேட்டியைப் போலவே இடுப்பில் சுற்றிக் கட்டும் உடையைத் தேசிய உடையாகக் கொண்டவர் ஸ்காட்லாந்து மலைநாட்டார். அதைக் கில்ட் என்பர். பழங்காலத்தில் அது தைக்காத நீண்ட கம்பளித் துணி. மடித்துச் சுற்றி இடைவாரால் இறுக்குவார்கள். பின்னரே முழங்காலளவு மடிப்பு வைத்துத் தைத்த ஆடையாயிற்று. 1746இல் ஆங்கில அரசு ஒரு சட்டத்தால் இவ்வுடையைத் தடை செய்தது. முதல்முறை அணிந்தால் 6 மாதச் சிறை. மறுமுறை அணிந்தால் 7 ஆண்டு நாடு கடத்தல். 1782இல்தான் அத்தடை நீங்கிற்று. தடை நீங்கியபின் மக்கள் அதை விடாப்பிடியாக உடுத்தியதால், இன்று உலகமே அதை மதிக்கிறது.

கில்ட் கட்டும் ஸ்காட்லாந்துக்காரர் தலைக்கு எதை வைப்பது என்பதிலும் கருத்தாயிருக்கிறார். தட்டையாய் வட்டமாய் உச்சியில் குஞ்சம் வைத்த பால்மாரல் தொப்பி ஒன்று. படகு போல் மடிந்து பின்னால் நாடா தொங்கும் கிளெங்காரி தொப்பி மற்றொன்று. இரண்டும் கம்பளியால் ஆனவை. உடையும் கம்பளி, தலையணியும் கம்பளி. அந்நாட்டுக் குளிருக்கு அதுவே ஏற்றது. ஆடு வளர்ப்பவருக்கும் நூற்பவருக்கும் நெய்பவருக்கும் தொப்பி பின்னுபவருக்கும் அதனால் தொழில் கிடைத்தது. ஏர்ஷயர் வட்டாரத்தில் கில்மார்னாக், ஸ்டூவர்ட்டன் என்னும் ஊர்கள் தொப்பி பின்னலுக்கே பெயர் பெற்றவை.

அவ்வூர்களின் அருகிலுள்ள ஃபென்விக் என்னும் சிற்றூரை நம் அங்கத்தினர் தனியே நினைவில் வைக்க வேண்டும். 1761இல் அவ்வூர் நெசவாளர் ஒரு சங்கம் கண்டனர். நல்ல துணியே நெய்வது, வழக்கமான விலைக்கு மேலோ கீழோ விற்பதில்லை, ஒருவருக்கொருவர் நேர்மையாயிருப்பது என்று எழுதிக் கையொப்பமிட்டனர். 1769இல் சங்கப் பணத்தால் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்கு மலிவாக வழங்கத் தொடங்கினர். கூட்டுறவு என்றதும் 1844இல் தொடங்கிய ராச்டேல் முன்னோடிகளையே நாம் சொல்வது வழக்கம். அவர்களுக்கு 75 ஆண்டு முன்னரே நெசவையும் தானியத்தையும் ஒரே சங்கத்தில் இணைத்தவர்கள் அந்த நெசவாளர்கள். உடுப்பதும் உண்பதும் ஒரு கணக்கில் அடங்கும் என்பதை அன்றே கண்டவர்கள் அவர்கள்.

கழற்றுவது யார் உரிமை?

இனி, விவாதத்துக்குரிய விஷயத்துக்கு வருவோம். பெரியோர் முன்னிலையில் தலைத்துண்டை அவிழ்ப்பது மரியாதை என்று நம் முன்னோர் சொன்னார்கள். நாம் முண்டாசை மீண்டும் கொண்டுவந்தால், அதை அவிழ்க்கச் சொல்லும் பழைய அதிகாரமும் கூடவே திரும்பி வாராதா என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். இக்கேள்வி நியாயமானது. விடை இன்றி இதைக் கடந்து செல்லலாகாது.

மரியாதைக்கும் அடிமைத்தனத்துக்கும் வேறுபாடு ஒன்றே. தானே அவிழ்த்தால் மரியாதை; அவிழ்க்கச் சொன்னால் அடிமைத்தனம். ஆசிரியரைக் கண்டு ஒருவர் அவிழ்க்கிறார். இறந்தவருக்கு அஞ்சலி செலுத்தும்போது ஊரே அவிழ்க்கிறது. இதில் யாருக்கும் இழிவில்லை, ஏனெனில் நிலமுள்ளவரும் இல்லாதவரும் ஒன்றுபோல் செய்கின்றனர். ஒருவர் கட்டியபடி அமர, மற்றவர் அவிழ்த்து நிற்க வேண்டும் என்றால் அங்கேதான் கேடு. ஆகவே ஒரு விதியை நாம் எல்லாச் சங்கங்களுக்கும் முன்வைக்கிறோம்: பொதுப்பேரவைக் கூட்டத்தில் தலைவர் முதல் கடைசி அங்கத்தினர் வரை எவரும் கட்டியிருக்கலாம், எவரும் எவரையும் அவிழ்க்கச் சொல்லலாகாது. தேசிய கீதத்துக்கும் அஞ்சலிக்கும் எல்லோரும் ஒருசேர நடந்துகொள்வோம். இவ்விதிக்கு உடன்படாத ஊரில் தலைப்பாகையைப் பற்றிப் பெருமை பேசுவது வீண்.

சமயத்துக்கு ஏற்ற தேர்வு

வயல் வேலைக்கு 20ஆம் நம்பர் நூலில் நெய்த, முரட்டுப் பருத்தித் துண்டே தகும். வியர்வையை நன்கு உறிஞ்சும். அடித்துத் துவைத்தாலும் தாங்கும். அகலம் 2 முழம், நீளம் 4 முழம் இருந்தால் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றிச் செருகவும் பிடரியில் தொங்கவிடவும் போதும். புதுத் துண்டை அப்படியே கட்டுவது தவறு. பாவுக்குப் போட்ட கஞ்சி போகும்வரை துணி நீரை ஏற்காது. இரண்டு தடவை ஊறவைத்துத் துவைத்த பின்னரே அது உண்மையில் துண்டாகிறது. நெல்லின் கஞ்சியே நூலுக்கு வலிமை தருகிறது என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

சந்தைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் 40ஆம் நம்பர் நூலில் நெய்த மெல்லிய வெள்ளைத் துண்டு, வேட்டியின் கரையோடு ஒத்த கரையுடன் இருப்பது சிறப்பு. அரைச் சாண் கரை வைத்த வேட்டிக்குப் பூ வேலை செய்த துண்டு பொருந்தாது. இரண்டில் ஒன்று அடங்கியிருக்க வேண்டும். நிறமுள்ள துண்டு வேண்டுவோர் முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அது வியர்வையில் நெற்றிக்கும் சட்டைக்கும் இறங்கும்.

திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் 80ஆம் நம்பர் நூலில் நெய்த மெல்லிய அங்கவஸ்திரத்தை மடித்துத் தலைப்பாகையாகக் கட்டலாம். திருபுவனத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டு நெய்வோர் உளர். திருபுவனம் பட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுப்போர், வாடகைக்குக் கிடைக்கும் மின்னும் வடநாட்டுத் தலைப்பாகையைத் தேடிப் போகாமல், அதே பாவில் தலைப்பாகைக்கும் ஒரு துண்டு நெய்து தரச் சொன்னால் நெசவாளர் மறுக்கமாட்டார்.

மார்கழிப் பனிக்கு, இரட்டையிழைத் துண்டை நான்காக மடித்துக் காதை மூடிக் கட்டுவது குரங்குக் குல்லாய்க்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. முகமும் தெரியும், பேச்சும் கேட்கும்.

வாங்கும்போது கைத்தறிதானா என்று அறிவதும் கடமை. 2006 முதல் கைத்தறி முத்திரை வழக்கத்திலிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். துணியின் இரு ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். அகலம் சுருங்காதிருக்க நெசவாளர் பொருத்தும் குச்சியின் ஊசிமுனைத் துளைகள் கைத்தறியில் பெரும்பாலும் தென்படும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட இனங்களில் குறிப்பிட்ட வகை வேட்டிகளும் துண்டு, அங்கவஸ்திரங்களும் அடங்கும். அந்த ஒதுக்கீடு ஏட்டில் இருந்தும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதை யாவரும் அறிவர். சட்டத்தைக் காப்பது அதிகாரிகளின் கண் மட்டுமன்று. வாங்குபவரின் கண்ணும் ஆகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

துண்டு வாங்கினால் நெசவாளர் வாழ்ந்துவிடுவாரா என்று ஏளனம் செய்வோர் உண்டு. சேலையும் வேட்டியும் விழாக் காலத்தில் விற்பவை. தீபாவளி, பொங்கல் முடிந்ததும் தறியின் ஓசை குறைகிறது. துண்டோ ஆண்டு முழுதும் தேய்வது, கிழிவது, தொலைவது. அதனால் ஆண்டு முழுதும் வேண்டப்படுவது. விழாக்களுக்கிடையே தறியை ஓடச் செய்யும் துணி அதுவே. புதிதாகத் தொழில் பழகும் பிள்ளையின் கைக்கும் துண்டே முதல் பாடம்.

1983 முதல் அரசு பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. அதனுடன் ஒரு கைத்தறித் துண்டையும் சேர்க்குமாறு கேட்பதில் தவறில்லை. ஆனால் அரசைக் கேட்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் தம் விற்பனைக் கூடத்தில் உர மூட்டையின் பக்கத்திலேயே அருகிலுள்ள நெசவாளர் சங்கத்தின் துண்டுகளையும் அடுக்கி வைக்க வேண்டும். உரம் வாங்க வருபவர் இலவசத் தொப்பியோடு திரும்பாமல், விலை கொடுத்த துண்டோடு திரும்பட்டும். இலவசத் தொப்பிக்கும் விலை உண்டு. அது உரத்தின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. தலை நம்முடையதாயிருக்க, அதில் எழுதியுள்ள பெயர் பிறருடையதாயிருப்பது முறையா?

இரண்டாவது, விழா மேடைகளில் விருந்தினருக்குப் பொன்னாடை என்று போர்த்தும் செயற்கைப் பளபளப்புத் துணியை நிறுத்த வேண்டும். அது குளிருக்கும் உதவாது, வெயிலுக்கும் உதவாது. பெற்றவர் வீட்டில் பெட்டியின் அடியில் கிடக்கும். அதற்குப் பதிலாக நம் தறியில் நெய்த தலைப்பாகைத் துணியைக் கொடுப்போம். முடிந்தால் சங்கத்தின் மூத்த உழைப்பாளி ஒருவர் கையால் கட்டிவிடச் செய்வோம்.

மூன்றாவது, நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்கள் உட்பட ஒவ்வொரு தொழிலாளருக்கும் பருவத் தொடக்கத்தில் ஒரு துண்டு கொடுப்பதை நிலமுள்ள அங்கத்தினர் வழக்கமாகக் கொள்ள வேண்டும். இதைத் தருமமாகக் கொடுக்கலாகாது. கூலியில் பிடிக்கவும் கூடாது. அரிவாளைப் போல, மண்வெட்டியைப் போல, வேலைக்குரிய சாதனமாகக் கொடுக்க வேண்டும். முன்னாளில் எந்தத் துண்டைக் கக்கத்தில் இடுக்க வைத்தோமோ, அந்தத் துண்டைக் கையில் கொடுத்துத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்வது இந்நாடு செலுத்த வேண்டிய பழைய கடனில் ஒரு சிறு தவணையாகும்.

வருகிற குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வருமுன்பே இவற்றுள் ஒன்றையேனும் ஒவ்வொரு சங்கமும் தீர்மானமாக நிறைவேற்றலாம். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒரே நாளில் கூடி, வேண்டிய துண்டுகளின் எண்ணிக்கையை எழுதி, முன்பணம் கொடுத்துத் தறியில் ஏற்றச் சொன்னால் போதும். அதற்கு மந்திரியும் வேண்டாம், மானியமும் வேண்டாம். வேட்டியின் மானத்தைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. தலையின் மானத்தை நாமே காத்துக்கொள்வோம்.